ஸ்டிக்கர்ல 33, பங்க்ல 35, டயர்ல 51: காருக்கு எவ்வளவு காத்து வைக்கணும்?

பத்மநாபபுரத்தான் (கேள்வி)

வணக்கம். வண்டி பெட்ரோல் செடான், 165/80 ஆர்14 85டி டயர். டிரைவர் கதவைத் திறந்தா தூணில ஒரு ஸ்டிக்கர். 2 பேர் படம் போட்ட கட்டத்துல முன்னும் பின்னும் 33 பிஎஸ்ஐ (காத்து அழுத்த அளவு). 5 பேரும் பெட்டியும் இருக்க கட்டத்துல முன்னால 35, பின்னால 38. பங்க்ல காத்து அடிக்கிற தம்பி எந்தக் கார் வந்தாலும் கேக்காமலே 35 வச்சு விடுறான். டயர் ஓரத்துல குனிஞ்சு பாத்தா அதிகபட்சம் 51னு அச்சு. மூணும் மூணு கணக்கு.

ஓட்டம் இப்படி: தினமும் தக்கலை–நாகர்கோவில், தனியா. மாசம் ரெண்டு தடவை குடும்பத்தோட திருநெல்வேலி. எப்பவாவது குலசேகரத்துல இருந்து டிக்கில 100 கிலோ ரப்பர் ஷீட். மாசத்துக்கு மொத்தம் 1000 கிமீ, லிட்டருக்கு 18 கிடைக்குது.

எவ்வளவு வைக்கணும்? கூட வச்சா மைலேஜ் கூடும்னு சொல்றது உண்மையா? மழைக்காலத்துல கொஞ்சம் குறைக்கணும்னு ஒருத்தர் சொன்னார், அது சரியா?

நேரே_போ

38 வச்சுட்டுப் போங்க அண்ணாச்சி. வண்டி வழுக்கிட்டு ஓடும், பெட்ரோல் மிச்சம். 51 வரைக்கும் டயர் தாங்கும்னு அவனே எழுதியிருக்கான்.

டயர்_பாக்குறவன்

நேரே_போ, அந்த 51 டயர் கம்பெனி போட்ட எல்லைக்கோடு. அதே டயர் பத்து மாடல் காருக்குப் போகும். எந்தக் காருக்கு எவ்வளவுன்னு டயருக்கு எப்படித் தெரியும்? காரோட எடை, முன் பின் எடைப் பங்கு, ஸ்பிரிங், பிரேக் எல்லாம் பாத்து கார் கம்பெனி சொல்ற எண்தான் தூணில ஒட்டியிருக்கிறது. சில வண்டில அது பெட்ரோல் மூடிக்கு உள்பக்கம் இருக்கும். ஆரம்பப் புள்ளி அதுதான்.

கேட்டவருக்கு: உங்க மூணு கணக்குல ரெண்டு ஒரே கணக்கா இருக்கலாம். ஸ்டிக்கர்ல இருக்கிறது ஆறின டயருக்கு உள்ள எண். ஆறினதுன்னா வண்டி மூணு மணி நேரமாவது நின்னிருக்கணும், இல்லாட்டி நின்ன இடத்துல இருந்து ஒண்ணு ரெண்டு கிமீக்கு மேல ஓடியிருக்கக் கூடாது. டயர் உருளும்போது ரப்பர் மடங்கி மடங்கி நிமிரும், அதுல சூடு ஏறும், உள்ளே காத்து விரியும். நாலஞ்சு கிமீ ஓடிப் போய் பங்க்ல நின்னா 2 பிஎஸ்ஐ வரைக்கும் ஏறியிருக்கும். அப்ப 35 வச்சா மறுநாள் காலைல ஆறினதும் 33 காட்டும். பக்கத்துல இருந்து போற நாள்ல அந்தத் தம்பி வச்சது உங்களுக்குச் சரிதான்.

வம்பு வர்றது திருநெல்வேலில இருந்து திரும்புற நாள்ல. வெயில்ல 80 கிமீ ஓடி வந்த டயர்ல 4, 5 பிஎஸ்ஐ ஏறி நிக்கும். உங்க பின் டயர் 33ல கிளம்பினது 38 காட்டும். தம்பி பாத்துட்டு "சார், கூட இருக்கு"ன்னு புஸ்ஸுன்னு திறந்து 35க்கு இறக்கி விடுவான். மறுநாள் காலைல அது 30தான். நீங்களோ "நேத்துதானே காத்து பாத்தேன்"னு ஒரு மாசம் நிம்மதியா ஓட்டுவீங்க. சூடான டயர்ல காத்தைத் திறந்து விடவே கூடாது. முறைச்சு ஒரு விதின்னு வச்சா இது ஒண்ணுதான்.

வீட்டுல காத்து அளக்குற கேஜ் ஒண்ணு வாங்கி வைங்க, சின்ன டிஜிட்டல் போதும். அதுவும் 1 பிஎஸ்ஐ முன்ன பின்ன காட்டலாம், பரவாயில்ல. எப்பவும் ஒரே கேஜ்ல பாக்குறதுதான் முக்கியம். செய்ய வேண்டியது:

காலைல வண்டியை எடுக்கும் முன்ன நாலு டயரும் பாருங்க. உதாரணமா முன் இடது 29 காட்டுது, வேண்டியது 33, அப்ப 4 குறை. நாலுக்கும் குறையை மட்டும் போன்ல எழுதிக்கோங்க. பங்க்குக்குப் போய் அடிக்கும் முன்ன திரும்ப அளங்க. இப்ப அதே டயர் 31 காட்டும். 31ஓட அந்த 4ஐக் கூட்டி 35 வைங்க. சூடு எவ்வளவு ஏறிச்சுன்னு யோசிக்கவே வேண்டாம், அது தானா கழிஞ்சுடும். மறுநாள் காலைல பாத்தா 33 நிக்கும்.

காலைல அளக்கும்போது இன்னொண்ணு. வண்டி ஒரு பக்கம் வெயில்ல நின்னா அந்தப் பக்கத்து ரெண்டு டயரும் கூடுதலாக் காட்டும். அதைப் பாத்துட்டு மறுபக்கம் லீக்குன்னு பஞ்சர் கடைக்கு ஓட வேண்டாம். வெயில் ஏறும் முன்ன அளங்க.

வருஷம் முழுக்க மாத்தணுமான்னு கேட்டா, நம்ம மாவட்டத்துல வேண்டாம். சுமார் 6 டிகிரி செல்சியஸுக்கு 1 பிஎஸ்ஐ மாறும். இங்க மார்கழி விடியலுக்கும் சித்திரை வெயிலுக்கும் வித்தியாசமே 12 டிகிரி சொச்சம், அதாவது 2 பிஎஸ்ஐ. மாசம் ஒருக்கா பாத்தா அது அதுலயே சரியாயிடும். எந்த ஓட்டையும் இல்லாத டயர்கூட மாசத்துக்கு 1 முதல் 2 பிஎஸ்ஐ இழக்கும், ரப்பர் வழியாவே கசியும். மூணு மாசம் பாக்காம விட்டா 33 தானா 28 ஆயிடும்.

ஒட்டுப்பால்

சுமை விஷயத்தை யாரும் தொடல. அவரோட ஓட்டத்துல ஆபத்தான இடம் அதுதான்.

டயர்ல 85டின்னு இருக்கே, 85 சுமைக் குறியீடு, ஒரு டயர் 515 கிலோ தாங்கும். டி வேகக் குறியீடு, மணிக்கு 190 கிமீ. ஆனா அந்த 515 கிலோ, சுமைக் கணக்குக்குன்னு வச்ச அழுத்தத்துல தாங்குறது. சாதாரண கார் டயருக்கு அது 250 கிலோபாஸ்கல், நம்ம கணக்குல 36 பிஎஸ்ஐ. 26ல வச்சுக்கிட்டு 515 தாங்கும்னு நினைக்கக் கூடாது. எடையைத் தாங்குறது உள்ள இருக்க காத்துதான், ரப்பர் இல்ல. காத்து குறைஞ்சா ஓரச் சுவர் தாங்கப் பாக்கும், மடங்கும், சூடாகும். அந்தச் சூட்டுல உள்ள நூல் அடுக்குக்கும் ரப்பருக்கும் உள்ள ஒட்டு விடும். ஓடும்போது பட்டன் (தரையைத் தொடுற மேல் ரப்பர்) தோலா உரிஞ்சு வர்றது இப்படித்தான். பட்டப்பகல்ல நாலுவழிச் சாலைல 100ல போறப்ப வெடிக்கிற டயர்ல காத்து கூடி வெடிக்கிறது அபூர்வம். பெரும்பாலும் குறைஞ்சு, சூடேறி வெடிக்கிறதுதான். "வெயில்ல போறோம், கொஞ்சம் காத்தைக் குறைப்போம்"னு சொல்றவங்க இதைத் தலைகீழா பிடிச்சிருக்காங்க.

டிக்கில ஷீட்: பின் அச்சுக்கும் பின்னால சுமை இருக்கிறதால 100 கிலோ வச்சா பின் அச்சுல 100க்கும் மேல ஏறும், முன்னால கொஞ்சம் தூக்கும். துலாக்கோல் மாதிரிதான். அதனால தனியா ஓட்டினாலும் ஷீட் ஏத்துற நாள் பின்னால 38, முன்னால 33 போதும். கட்டுகளைப் பின் சீட்டோட முதுகுக்கு ஒட்டி அடுக்குங்க, கதவுப் பக்கம் இல்ல. குலசேகரத்துல இருந்து இறங்குற வளைவுகள்ல பின்னால காத்து குறைஞ்சிருந்தா வால் வெளியே இழுக்கும். முன் சக்கரம் இழுக்குற கார்ல பின்னால கிறுக்கு பிடிச்சா சாதாரண ஆளால அடக்க முடியாது. அழுத்தத்துல தப்பு நடந்தாலும் முன்னால நடக்கட்டும், பின்னால நடக்கக் கூடாது.

குடும்பத்தோட திருநெல்வேலி போற நாள் 35/38, கிளம்புற காலைல ஆறின டயர்ல. திரும்பி வந்து மறுநாள் காலைல 33க்கு இறக்கிக்கலாம்.

பத்மநாபபுரத்தான்

ஒவ்வொரு தடவையும் ஏத்தி இறக்க நேரம் கிடைக்காது. நடுவுல ஒரு எண் சொல்லுங்களேன்?

டயர்_பாக்குறவன்

முன்னால 35, பின்னால 36 வச்சுட்டு விடுங்க. முன்னால முழுச் சுமை எண்ணேதான், பின்னால ரெண்டு கட்டத்துக்கும் நடுவுல இருக்கு. தனியா போறப்ப பள்ளத்துல கொஞ்சம் குலுக்கும், அவ்வளவுதான். முழுச் சுமைக்கு பின்னால மட்டும் 2 ஏத்துங்க. அஞ்சு பேரோட 33ல போறது மட்டும் வேண்டாம்.

நேரே_போ சொன்ன 38 முன்னாலயும் தினமும் தனியா வச்சு ஓட்டினா என்ன ஆகும்னா, டயர் நடுவுல உப்பி நடுப் பட்டன் மட்டும் தரையைத் தொடும். 10,000 கிமீ கழிச்சுப் பாத்தா நடுப்பகுதி வழுக்கை, ரெண்டு ஓரமும் புதுசு. காத்து குறைச்சு ஓட்டினா நேர் எதிர், ரெண்டு ஓரமும் தேயும், நடு நிக்கும். ஒரே ஒரு ஓரம் மட்டும் தேஞ்சா காத்து இல்ல, வீல் அலைன்மென்ட். பட்டன் மேல கையை முன்னும் பின்னும் தடவினா ஒரு திசைல வழவழப்பா, இன்னொரு திசைல ரம்பம் மாதிரி குத்துச்சுன்னாலும் அலைன்மென்ட்தான்.

முப்பந்தல்_காத்து

மைலேஜ் கணக்கு நான் போடுறேன்.

அமெரிக்க எரிசக்தித் துறை சொல்ற கணக்கு: நாலு டயரோட சராசரியும் 1 பிஎஸ்ஐ குறைஞ்சா எரிபொருள் செலவு சுமார் 0.2 சதம் கூடும். கேட்டவர் மாசம் 1000 கிமீ, 18 மைலேஜ், அப்ப 55 லிட்டர் சொச்சம். 27ல ஓட்டிட்டு இருந்து 33க்கு வந்தா 6 பிஎஸ்ஐ, 1.2 சதம், மாசம் சுமார் 0.7 லிட்டர் மிச்சம். அதையே 33ல இருந்து 36 ஆக்கினா 0.3 லிட்டர். லிட்டர் 100 ரூபாய்னு வச்சாலும் முப்பது ரூபாய் சொச்சம். ரெண்டு பேருக்கு டீயும் பழம்பொரியும். அதுக்காக நாலு டயரோட நடுப் பட்டனைத் தேய்க்கிறது கணக்கு தெரிஞ்சவன் வேலை இல்ல. மைலேஜ் வேணும்னா நாலுவழிச் சாலைல 100ல போறதை 80க்கு இறக்குங்க, அது காத்து அழுத்தத்தைவிடப் பல மடங்கு குடுக்கும்.

இன்னொரு வேடிக்கை. நாகர்கோவில்–திருநெல்வேலி ரோட்டுல ஒரு வழி ஓட்டத்தை மட்டும் வச்சு மைலேஜ் பாக்குறவங்க இருக்காங்க. ஆனி ஆடில ஆரல்வாய்மொழி கணவாய் வழியா மேற்குல இருந்து வீசுற காத்து போறப்ப முதுகுல தள்ளும், வர்றப்ப நெஞ்சுல இடிக்கும். போறப்ப 21, வர்றப்ப 16 காட்டினா டயரைக் குத்தம் சொல்லாதீங்க. சரியா பாக்கணும்னா ஒரே பங்க், ஒரே பம்பு, நாசில் தானா நிக்குற வரைக்கும் அடைச்சு, மீட்டரைக் குறிச்சுக்கிட்டு, போக வர ரெண்டும் சேத்து குறைஞ்சது 400 கிமீ ஓட்டி, திரும்ப அதே பம்புல அடைக்கணும். போட்ட லிட்டரால வகுத்தா வரும். ஸ்கிரீன்ல காட்டுற மைலேஜை வச்சு முடிவு எடுக்க வேண்டாம்.

அந்தக் கணவாயை ஒட்டின காத்தாலைப் பகுதில பக்கவாட்டுக் காத்தும் உண்டு. லாரியைத் தாண்டும்போது மறைவுல இருந்து வெளிய வந்த நொடில வண்டி ஒரு முழம் தள்ளும். பின் டயர் 27, 28ல இருந்தா ஓரச் சுவர் தொளதொளன்னு நின்னு அந்தத் தள்ளல் முடிஞ்ச பிறகும் வால் ஆடும். ஸ்டியரிங்கை வெட்டாதீங்க, ரெண்டு கையாலயும் பிடிச்சு ஆக்ஸிலேட்டரை மெதுவா விடுங்க.

ஒட்டுப்பால்

மழைக் கேள்விக்கு யாரும் பதில் சொல்லலியே. குறைக்கக் கூடாது. குறைச்சா பிடி கிடைக்கும்ங்கிறது சேறு, மணல் கணக்கு. தண்ணி நிக்குற தார் ரோட்டுக்கு அது பொருந்தாது.

விமானச் சக்கரங்களை வச்சு நாசா செஞ்ச சோதனைல இருந்து வந்த சூத்திரம் ஒண்ணு உண்டு. பட்டன் தேஞ்ச டயர், ரோட்டுல தேங்கின தண்ணி. எந்த வேகத்துல டயர் தரையை விட்டுத் தண்ணி மேல மிதக்கும்னா, பிஎஸ்ஐயோட வர்க்கமூலத்தை 16.6ஆல பெருக்குங்க, மணிக்கு கிமீல வரும். 33க்கு சுமார் 95. அதையே 24ல வச்சா 81. அதாவது இடவப்பாதி (தென்மேற்குப் பருவ) மழைல காத்தைக் குறைச்சவன் 14 கிமீ முன்னாலயே மிதக்க ஆரம்பிக்கிறான். மிதக்குற டயருக்கு ஸ்டியரிங்கும் கிடையாது, பிரேக்கும் கிடையாது. காரோட நல்ல பட்டன் இதைவிட மேல தாங்கும், ஆனா போக்கு அதுதான்.

பட்டன் ஆழம் 1.6 மிமீ சட்டப்படி கடைசி எல்லை. பட்டன் பள்ளத்துக்குள்ள குறுக்கே சின்ன மேடு இருக்கும், ஓரச் சுவர்ல அதுக்கு நேரா முக்கோணமோ டிடபிள்யூஐன்னோ குறி இருக்கும். பட்டன் தேஞ்சு மேட்டோட சமமாச்சுன்னா டயர் முடிஞ்சது. நம்ம ஊர்ல வருஷத்துக்கு ரெண்டு மழை. 3 மிமீ ஆனதுமே துலா (ஐப்பசி) மழைக்கு முன்ன மாத்துறது நல்லது. ரெண்டே ரெண்டு புதுசு போடறதுன்னா அதைப் பின்னால போடுங்க. கடைல முன்னாலதான் போடணும்னு அடம் பிடிப்பாங்க, விடாதீங்க. காரணம் மேல சொன்னதுதான், முதல்ல வழுக்கக் கூடாதது பின் பக்கம்.

மழைக்கு அப்புறம் ரோட்டுக் குழி. தண்ணி நின்ன குழியோட ஆழம் தெரியாது. காத்து குறைஞ்ச டயர் அதுல இறங்கினா ரிம் ஓரத்துக்கும் குழி விளிம்புக்கும் நடுவுல ஓரச் சுவர் நசுங்கும், உள்ளே நூல் அறும். அன்னைக்கே தெரியாது. ஒரு வாரம் கழிச்சு ஓரத்துல எலுமிச்சம்பழம் அளவுக்கு ஒரு வீக்கம் வரும். அந்த டயரை ஒட்டிப் பாக்கலாம்னு யாரும் சொன்னா கேக்காதீங்க. ஓரச் சுவர்ல ஒட்டு கிடையாது.

குளச்சல்_கரை

நைட்ரஜன் பத்தி எப்படியும் யாராவது கேப்பாங்க, முன்கூட்டியே சொல்லிடுறேன். சாதாரணக் காத்துலயே 78 சதம் நைட்ரஜன்தான். கன்ஸ்யூமர் ரிப்போர்ட்ஸ் பத்திரிகை 30 பிஎஸ்ஐ வச்சு ஒரு வருஷம் சும்மா நிறுத்திப் பாத்தப்ப காத்து சராசரி 3.5 இழந்தது, நைட்ரஜன் 2.2. ஒரு வருஷத்துக்கு 1.3 வித்தியாசம், அவ்வளவுதான். நைட்ரஜன் அடிச்ச வால்வுல போடுற பச்சை மூடியைப் பாத்துட்டு சோதனை பண்ணாம விடுறதுதான் அதோட பெரிய நஷ்டம். அவசரத்துக்கு நைட்ரஜன் டயர்ல சாதாரணக் காத்து அடிக்கலாம், ஒண்ணும் ஆகாது. ரெண்டையும் கலக்கக் கூடாதுன்னு பயமுறுத்துவாங்க.

எங்க கடற்கரைப் பக்கம் வேற சிக்கல், உப்புக் காத்து. ஒரே டயர் மட்டும் வாராவாரம் 3, 4 குறையும், ஆணி ஒண்ணும் இருக்காது. ரிம்மோட உள் விளிம்புல, டயர் உக்கார இடத்துல துரு பொரிப் பொரியா ஏறி அந்த இடுக்கு வழியா கசியும். அலாய்ல வெள்ளை மாவு மாதிரி படியும். டயரைக் கழட்டி அந்த வளையத்தைக் கம்பி பிரஷ்ஷால தேச்சு, சுத்தமாத் துடைச்சு, சீலர் தடவி மாட்டணும். காத்து மட்டும் அடிச்சு அனுப்புற கடைக்கு நீங்க ஆயுள் சந்தா.

அதுக்கு முன்ன வீட்டுல பாக்கக்கூடியது வால்வு. சோப்புத் தண்ணி ஒரு சொட்டு வால்வு வாய்ல விடுங்க. நடுவுல குமிழ் எழும்பினா உள்ள இருக்க ஊசி போச்சு, வால்வு சாவியால திருகி மாத்த ஒரு நிமிஷம். வால்வு தண்டை விரலால லேசா சாய்ச்சுப் பிடிச்சு அடிவாரத்துல விடுங்க. அங்க குமிழ் வந்தா ரப்பர் வெடிச்சிருக்கு, தண்டையே மாத்தணும், டயரைக் கழட்டணும். புது டயர் போடும்போது வால்வும் புதுசு கேளுங்க. பழைய வால்வோட விடுறது பரவலா நடக்குது. காத்து சென்சார் உள்ள வண்டில வால்வு அலுமினியமா இருந்தா பளபளன்னு பித்தளை மூடி வாங்கிப் போடாதீங்க. உப்புல ரெண்டும் ஒண்ணோட ஒண்ணு ஒட்டிப் பிடிச்சுக்கிட்டு, திருகினா தண்டே முறியும். பிளாஸ்டிக் மூடி போதும்.

டயர்_பாக்குறவன்

சென்சார்னு சொன்னதால ஒண்ணு. அமெரிக்க விதிப்படி டாஷ்போர்டுல காத்து குறைவுன்னு காட்டுற விளக்கு எரிய வேண்டியது 25 சதம் குறைஞ்ச பிறகு. அதாவது 33ல இருந்து 25க்கு வந்த பிறகு. விளக்கு எரியலன்னா எல்லாம் நல்லாருக்குன்னு அர்த்தம் இல்ல. விளக்கு எரிஞ்சு அதோடயே பத்து கிமீ போயிருந்தா, பஞ்சர் கடைல டயரை முழுசாக் கழட்டிப் பாக்கச் சொல்லுங்க. உள்பக்கத்துல இருந்து கறுப்பு ரப்பர்த் தூள் கொட்டுச்சுன்னாலோ, உள் ஓரத்துல வளையமா சுருக்கம் இருந்தாலோ அந்த டயர் உள்ளேயே அரைபட்டுப் போச்சு. வெளிய பாத்தா புதுசாத்தான் இருக்கும். ஒட்டி ஓட்ட வேண்டாம்.

ஸ்டெப்னியை மறக்காதீங்க. வழக்கமான அளவு ஸ்டெப்னின்னா முழுச் சுமை எண்ணுக்கு மேல 2, உங்களுக்கு 40 வச்சு விடுங்க, மாட்டின பிறகு குறைச்சுக்கலாம். ஒல்லி ஸ்டெப்னி வேற ஜாதி, பெரும்பாலும் 60 பிஎஸ்ஐ, மணிக்கு 80 கிமீக்கு மேல வேகம் போகக் கூடாது, அதோட ஓரத்துலயே எழுதியிருக்கும். கூடவே தேதியும் பாருங்க. டயர் ஓரத்துல அச்சடிச்ச டாட் (DOT) எழுத்துகளுக்குக் கடைசில நாலு இலக்கம். 2319னா 2019ல 23வது வாரம். தேயாத ஸ்டெப்னிதான் பெரும்பாலும் வண்டிலயே வயசான டயரா இருக்கும்.

பத்மநாபபுரத்தான்

இன்னைக்கு காலைல வெயிலுக்கு முன்ன புது கேஜ்ல பாத்தேன். முன்னால 31, 31. பின்னால வலது 30, இடது 26. ஸ்டெப்னி 19. பின் இடது வால்வு வாய்ல சோப்புத் தண்ணி விட்டதும் கடுகு அளவு குமிழ் விட்டு விட்டு வருது.

குளச்சல்_கரை

வால்வு ஊசிதான். மாத்தினதும் திரும்ப ஒரு சொட்டு விட்டுப் பாருங்க, சில நேரம் புது ஊசியோட சின்ன வாஷரே சரியா உக்காராது. அப்புறம் மூணு நாள் கழிச்சு காலைல ஒரு தடவை. அப்பவும் காத்து குறைஞ்சா ரிம் விளிம்பைப் பாக்கணும்.